வலது ஓரத்து மஞ்சு

கோத்தகிரியில் மஞ்சு என்கிற மலைப்பனி இறங்குவதை ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். திடுதிப்பென்று வந்து மூடாது. எதிர்ச் சரிவில் தேயிலை வரிசை வரிசையாக ஓடும். ஒவ்வொரு வரிசையின் வலது கோடியும் மெல்ல வெளுத்து, எங்கே முடிகிறதென்று தெரியாமல் கரைந்துபோகும். போனது போன மாதிரியே இருக்காது. அங்கே எல்லாம் இருக்கத்தான் செய்கிறது, நம் கண்ணுக்குத்தான் எட்டவில்லை என்று மனசு தானாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளும். தமயந்திக்கு அந்த யோசனை வந்தது இந்தச் சன்னலருகே உட்கார்ந்திருந்தபோதுதான். பாவம், அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவ்வளவு அழகாக இருக்கும் அது.

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு சின்ன இணையதளம். ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு வரி நன்றாக அமைந்துவிட்டால் அதை ஊருக்குக் காட்டாமல் சோறு இறங்காது. வெறுமனே ஒட்டினால் கறுப்பும் வெளுப்புமாகக் கிடக்கும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் படமாக்கிப் போடுவார்கள். பின்னால் ஒரு நிறம், சுற்றிலும் காற்றோட்டமாகக் கொஞ்சம் இடம், சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிற வண்ணம், அடியில் லேசாக ஒரு நிழல். பெண் பார்க்க வருகிற நாளில் வீட்டை ஒழுங்குபண்ணுகிற மாதிரி வேலை. தமயந்தியும் வாணியம்பாடியில் இருந்த அவள் சிநேகிதி பெனாசிரும் சேர்ந்து அதற்கான தளத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எழுதினதை இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் படம் வரும்.

இடித்தது ஒரே இடத்தில்தான். நீளமான வரி சட்டத்துக்குள் அடங்காது. மற்ற தளங்கள் அதை மடித்து அடுத்த வரியில் போட்டன, பார்க்கச் சகிக்காது. சிலர் கத்தரியால் வெட்டினாற்போல நறுக்கிவிட்டார்கள், அது இன்னும் மோசம். தமயந்தி சன்னலைப் பார்த்தாள். பிறகு வரியின் வலது கோடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னணி நிறத்தில் கரைத்துவிட்டாள்.

“அடிப்பாவி” என்றாள் பெனாசிர், திரையில் அதைப் பார்த்துவிட்டு. “இதப் பாத்துக்கிட்டே தூங்கிடலாம் போலருக்கே.”

“பேரு என்ன வெக்கலாம்?”

“இதுக்கு மேல என்ன பேரு யோசிக்கிறது. மஞ்சுன்னே வெய்யி.”

முகப்பில் மாதிரிக்கு ஒரு படம் வேண்டும். நீளமான வரியாக இருந்தால்தான் மஞ்சு எடுபடும். தமயந்தி தன் பழைய கோப்புகளைத் துழாவி ஒன்றை எடுத்தாள். அது அவள் தன் கணவனுக்காக எப்போதோ எழுதினது.

பரஞ்சோதிக்குத் திக்கும். பக்கத்துப் பண்ணையின் மண் பரிசோதனைக் கூடத்தில் அவன் அதிகாரி. நாலு ஊர் மண்ணின் குணமும் அத்துப்படி, அதை எடுத்துச் சொல்வதுதான் பாடு. அவன் திக்குவது நாடகத்தில் வருகிற மாதிரி ஒரே எழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வதல்ல. வாய் திறந்தபடி இருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், குரல் மட்டும் வராது. சொல் உள்ளேதான் இருக்கிறது. அதற்கு வழி கிடைக்கிறவரை எதிரில் இருக்கிறவர் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்திலேயே அவனுக்குக் கஷ்டமான சொல் அவன் பெயர். அடுத்தது பெண்டாட்டி பெயர். ‘த’வில் மாட்டிக்கொள்வான் என்பதால் அவளை ‘யந்தி’ என்பான். ‘சரி’ என்பதற்கு ‘ஆகட்டும்’. அந்தச் சொல் மட்டும் அவனுக்கு வழுக்கிக்கொண்டு வரும். அதனால் எதற்கெடுத்தாலும் ஆகட்டும்தான்.

அவர்கள் சந்தித்தது குன்னூர் பஸ் ஸ்டாண்டில். கோத்தகிரி பஸ் போய்விட்டதா என்று அவளிடம் கேட்க வந்தான். கேட்டு முடிப்பதற்குள் பஸ்ஸே போய்விட்டது. அவ்வளவு நேரமும் முகத்தைத் திருப்பாமல், கைபேசியைப் பார்க்காமல், சிரிக்காமல் நின்றாள் தமயந்தி. அன்றைக்கே முடிவு பண்ணிட்டேன் என்று பின்னால் சொன்னான். அதைச் சொல்லவும் நேரம் பிடித்தது. அவளுக்கு அது இனித்தது.

அப்புறம் காலம் மாறிப்போயிற்று. வங்கி, பஸ், லிப்ட், ஆஸ்பத்திரி டோக்கன் எல்லாமே வாயால் கேட்டு வாயால் பதில் வாங்குகிற இயந்திரங்களாகிவிட்டன. இருந்த பட்டன்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் தமயந்தி தங்கள் வீட்டு இயந்திரத்துக்காக அந்தச் சின்னப் ப்ரோகிராமை எழுதினாள். எதிரில் இருக்கிறவர் பேசி முடித்துவிட்டார் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதுதான் கேள்வி. அவள் எழுதின வரியை நம் பாஷையில் சொன்னால் இப்படி வரும்: ‘ஒரு விநாடி சத்தம் இல்லையென்றால் பேசி முடித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, ஆகட்டும் என்று சொல்லி முடித்துவிடு, ஆனால் சொல் பாதியில் நின்றிருந்தால், அவர் சொல்லி முடிக்கிறவரை முடிக்காதே, காத்திரு.’ சாப்பாட்டு மேசையில் அவனைப் பேசவிட்டு, கைதட்டிக் கணக்குப் பார்த்து வைத்த ஒரு விநாடி அது. ‘ஆகட்டும்’ போட்டது செல்லத்துக்காக.

சாயங்காலம் பரஞ்சோதி வந்ததும் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். வெளிர்பச்சைப் பின்னணி. நடுவில் அந்த வரி. ‘முடித்துவிடு’ என்ற இடம் தாண்டியதும் எழுத்துகள் நீர்த்து நீர்த்து இல்லாமல் போயின. அவன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

“இது... நீ எனக்காக...” என்று தொடங்கி நின்றான்.

“உங்களுக்காக எழுதினதேதான். மறந்திருப்பேன்னு நெனச்சீங்களா? அழகா இருக்குன்னுதானே சொல்ல வந்தீங்க, எனக்குத் தெரியும்.”

அவன் வாய் இன்னும் திறந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பெனாசிர் வேறு போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆகட்டும்” என்றான் பரஞ்சோதி.

மஞ்சு பிடித்துக்கொண்டது. ஜனங்கள் அந்த முகப்புப் படத்தைச் சும்மா போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ப்ரோகிராம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூடக் கணினித் திரைக்குப் பின்னணியாக வைத்துக்கொண்டார்கள். படிக்கிறவர்கள் யாருமில்லை, பார்க்கிறவர்கள்தான். ஏஐ வந்த பிறகு படிக்கிற வேலைதான் மனிதர்களைவிட்டுப் போய் நாளாகிவிட்டதே. மற்ற தளங்களும் தங்கள் படங்களுக்கு வலது ஓரத்தில் மஞ்சு விட ஆரம்பித்தன. அந்த வரியின் ஆரம்பம் உலகத்துக்கே பழகிப்போயிற்று.

ஒரு வருஷம் ஓடியிருக்கும். மேட்டுப்பாளையத்தில் ஒரு வங்கி இயந்திரம் அவளிடம் பேசி முடித்துவிட்டு “ஆகட்டும், நன்றி” என்றது. நல்ல தமிழுக்கு மாறிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பிரேசிலில் ஒரு லிப்ட் தன் பாஷையில் ஏதோ பேசிவிட்டுக் கடைசியில் ‘ஆகட்டும்’ என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற வீடியோ வந்தது. துருக்கியில் டீ ஊற்றுகிற இயந்திரம், கனடாவில் ஒரு நூலகத்தின் வாசல். தமிழின் பெருமை என்று நாலு பேர் மேடை போட்டுப் பேசினார்கள். தமயந்தி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அந்த வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவாள். எந்தெந்த ஊரோ, எந்தெந்தக் குரலோ, எல்லாம் தன் புருஷன் சொல்லை முணுமுணுப்பதைக் கேட்டபடி பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருப்பாள்.

“உங்க வார்த்தை எங்கெங்க போயிருக்கு பாருங்க” என்பாள் அவன் வந்ததும். அவன் சிரிக்க மாட்டான். ஏன் சிரிக்கவில்லை என்று அவளும் தோண்டிக் கேட்கவில்லை. வங்கிக்குப் போனால் அவனுக்குப் பதில் அவளே இயந்திரத்திடம் பேசினாள். கடையில், டாக்டரிடம், உறவுக்காரர் வீட்டில், அவன் வாய் திறந்ததும் மீதியை அவள் எடுத்துக்கொண்டாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும், அவனுக்கு வாயே அவள்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அவர்களுக்கு ஒரே பெண், துளிர். ஒன்றாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை மதியம் அப்பாவுடன் பண்ணைக்குப் போனவள் சில்வர் ஓக் மரத்தடியில் விளையாடியிருக்கிறாள். மேலே இருந்த குளவிக்கூடு கலைந்தது. கொட்டின கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பரஞ்சோதி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவசர எண்ணை அழைத்தான்.

தமயந்தி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, ஆபத்து தாண்டியிருந்தது. கேரட் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஜீப்பை மறித்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். என்ன நடந்தது என்று பிள்ளைதான் சொன்னாள்.

“அப்பா போன் பண்ணுனாங்கம்மா. எந்த ஊருன்னு அந்த அக்கா கேட்டாங்க. அப்பா சொல்லப் போனாங்க, அதுக்குள்ள ஆகட்டும்னு வெச்சுட்டாங்க. திரும்பிப் பண்ணுனாங்க. திரும்பியும் ஆகட்டும்னு வெச்சுட்டாங்க. வெச்சுட்டே இருந்தாங்கம்மா. அப்பா அழுதாங்க.”

பண்ணை இருந்த ஊர் கட்டபெட்டு. அந்தக் கடினமான ‘க’வுக்கு முன்னால் அவன் எப்படி நின்றிருப்பான் என்று அவளால் பார்க்க முடிந்தது. எதிர்முனையில் இயந்திரத்தின் குரலில் அவனுடைய சொல்லே அவன் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறது.

அன்றிலிருந்து பரஞ்சோதி பேசுவதை விட்டான். கோபம் இல்லை, சண்டை இல்லை. எப்போதும்போலக் காய் நறுக்கிக் கொடுத்தான், பிள்ளைக்குத் தலை பின்னினான். ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, குழம்பில் உப்பு குறைவு என்று அவள் கைபேசிக்கு எழுதி அனுப்பினான். முதல் தடவை அவள் சிரித்துவிட்டாள். நாலாம் தடவை பயம் வந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸையே விட்டுவிட்டுக் கேட்ட அந்தக் குரலை இனிமேல் கேட்கவே முடியாதோ என்று நினைத்தாள். “ஏதாவது பேசுங்க” என்று கெஞ்சினாள். அவன் அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனான்.

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையை மறுபடி காட்டப் போன அன்று, டோக்கன் இயந்திரத்தின் முன் தமயந்தி ஒரு காரியம் செய்தாள். பெயர் கேட்டதும் “து” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். ஒரு விநாடி. “ஆகட்டும்” என்றது. வெளியே பஸ் நிறுத்தத்தில் அதையே செய்தாள். அதே ஒரு விநாடி. வங்கியில், லிப்டில், அங்கேயும் அதே. எங்கே தட்டினாலும் சாப்பாட்டு மேசையில் அவள் தட்டின அந்தத் தாளமே திரும்பி வந்தது. வெளியே வந்ததும் பெனாசிரைக் கூப்பிட்டாள்.

“நம்ம படத்துலேருந்துதான்” என்றாள் பெனாசிர். பேச்சை இழுக்கிறவள் இல்லை, ஆனால் அன்றைக்கு இழுத்தாள். “இப்ப ப்ரோகிராம் எழுதறது யாரு? எல்லாம் ஏஐதான். அதுங்க எதப் பாத்துக் கத்துக்குது?”

“எல்லாரும் எழுதி வெச்சதப் பாத்து.”

“அது மலைமலையாக் கெடக்கு. அதுல எது நல்லதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஜனங்க எந்தப் படத்துமேல ரொம்ப நேரம் நின்னு பாக்கறாங்களோ அதுதான் நல்லதுன்னு எடுத்துக்குது. ஒலகத்துலயே ஜாஸ்தி பேரு நின்னு பாத்த படம் எது?”

தமயந்தி அந்த முகப்புப் படத்தைத் திறந்தாள்.

“படத்துல இருந்ததத்தான் அது படிச்சுது. கரைஞ்சு போனத எப்படிப் படிக்கும்? இன்னொண்ணு சொல்றேன் கேளு. இது நம்ம ஒரு வரியோட போகல. ப்ரோகிராம் எழுதறவங்க எல்லாருமே விதிய முன்னால எழுதுவோம். ‘ஆனா’, ‘தவிர’, ‘ஒருவேள’ எல்லாம் வரியோட வால்லதான் வரும். மஞ்சு விழறதும் வால்லதான். மொகம் பழைய போட்டோவோட ஒத்துப்போனாத்தான் கதவு தெறக்கணும், ஆபரேஷன் ஆனவங்களத் தவிர. குறிச்ச தேதிக்குள்ள வந்தாத்தான் சேர்க்கணும், பிள்ள பெத்தவங்களத் தவிர. அந்தத் ‘தவிர’ எல்லாம் போயிடுச்சு தமயந்தி. ஒலகமே இப்ப முன்பாதி வரிலதான் ஓடுது.”

“யாருமே கவனிக்கலையா?”

“யாரு கவனிப்பா? முக்கால்வாசிப் பேருக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுது, அவங்களுக்குக் குஷி. மீதிப் பேரு என்ன நெனச்சுக்கிட்டாங்க தெரியுமா? கொறை நம்மகிட்டத்தான்னு.”

மறுநாளே மஞ்சை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன பிரயோசனம், எல்லாத் தளமும் அதைக் காப்பியடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தமயந்தி அந்த வரியை முழுசாக, மடித்து, விளக்கத்தோடு போட்டாள். தவறு நடந்துவிட்டது, இதுதான் முழு வரி என்று எழுதினாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஒருத்தரும் நின்று பார்க்கவில்லை. பார்க்காத படத்தை ஏஐ எதற்குப் படிக்கும்? பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் எழுதிப் போட்டாள். அவர்களுடைய புகார் இயந்திரங்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டு ஆகட்டும் என்றன.

ஒரு விடிகாலையில் சன்னலருகே நின்றிருந்தாள். அன்றைக்கு மஞ்சு வழக்கமான பக்கம் வராமல் இடது பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. தேயிலை வரிசைகளின் தொடக்கம் எதுவும் தெரியவில்லை. வெண்மைக்குள்ளிருந்து அவை எங்கிருந்தோ புறப்பட்டு வந்து, வலது கோடியில் மட்டும் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குப் பளிச்சென்று நின்றன. ஏலக்காய் வாசனையோடு டீ கொதிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. பரஞ்சோதிதான் போட்டுக்கொண்டிருந்தான், சத்தமில்லாமல். அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

படம் முடிந்ததும் பெனாசிருக்கு அனுப்பினாள். இடது பக்கம் முழுக்க மஞ்சு. அதற்குள்ளிருந்து எழுத்துகள் மெல்ல மெல்ல உருக்கொண்டு வந்து, கோடியில் ‘முடிக்காதே, காத்திரு’ என்று நின்றன. பெனாசிரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாளாம்.

“இது பழசவிட அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு” என்றாள். “முன்பாதி இல்லேன்னா, யாருக்குக் காத்திருக்கணும்னு அதுக்குத் தெரியாது. எல்லாருக்கும் காத்திருக்கும். பேசி முடிச்சவனையும் நிக்க வெக்கும்.”

“தெரியும்.”

“மறுபடியும் ஒலகத்த அழகக் காட்டி ஏமாத்துறோம்.”

“தெரியும் பெனா. நெசத்தச் சொன்னேன், ஒருத்தரும் நிக்கல. வேற வழி இருந்தா சொல்லு.”

“ஒரு எல்லையாவது வெய்யி, இல்லேன்னா எல்லாம் அப்படியே நின்னு போயிடும்” என்றாள் பெனாசிர். வரியின் கடைசியில் தமயந்தி ‘மூன்று மூச்சு’ என்று சேர்த்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அது எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் ஜனங்களுக்கு எரிச்சல்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் இயந்திரம் சும்மா இருந்தது, மூன்று மூச்சு கழித்துத்தான் ஆகட்டும் என்றது. வரிசைகள் நீண்டன. சோம்பேறி இயந்திரம் என்று திட்டினார்கள். எங்கோ ஒரு ஊரில், கையில் ரத்தம் ஒழுக அவசர எண்ணை அழைத்த ஒருவன் அந்த மூன்று மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்தானாம். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் அந்தச் செய்தியைத் தமயந்தியால் முழுசாகப் படிக்க முடியவில்லை. இன்றைக்கும் அது அவள் நெஞ்சில் கிடக்கிறது.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அந்த அமைதியில் மனிதர்கள் பேச ஆரம்பித்தார்கள். பிரியாணி சொல்லிவிட்டுச் சும்மா நின்றவர், ஒரே ஒரு பிளேட் போதும், இப்ப வீட்டில் நான் மட்டும்தான் என்றார். வங்கியில் கையிருப்பு கேட்ட அம்மாள், கேட்டு முடித்த பிறகு, அவர் போய் இன்றோடு ஒரு மாசம் என்றாள். லிப்டில் மாடி எண் சொன்ன பையன், எனக்கு இந்த வேலை பிடிக்கல என்றான். இயந்திரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மூன்று மூச்சு பொறுத்து, ஆகட்டும் என்றது. கேட்டுப் பழகினவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு இடைவெளி விட்டுப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஊர் கொஞ்சம் மெதுவாயிற்று.

பரஞ்சோதி மட்டும் பேசவில்லை. இயந்திரங்கள் மாறிவிட்டதை அவன் நம்பவில்லையோ என்னவோ. தமயந்தி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், தலையாட்டுவதோடு சரி. அவள் விடாமல் அவனுக்காக எல்லா இடத்திலும் பேசிக்கொண்டிருந்தாள்.

தை மாதத்தில் அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்காக மேட்டுப்பாளையம் புறப்பட்டார்கள். பரஞ்சோதி கார் ஓட்டினான். குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் வண்டிகள் நின்றிருந்தன. அங்கேயும் இயந்திரம்தான். முறை வந்ததும் கண்ணாடியை இறக்கினான்.

“உங்கள் பெயர்?” என்றது.

தமயந்தி பழக்க தோஷத்தில் அவன் பக்கமாகச் சாய்ந்து வாயைத் திறந்தாள். பின்சீட்டிலிருந்து துளிர் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, அது அப்பாவத்தானே கேக்குது.”

தமயந்தி பின்னால் சாய்ந்துகொண்டாள். பரஞ்சோதி இயந்திரத்தைப் பார்த்தான். உதடுகள் ஒட்டி நின்றன. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு மூச்சு. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இரண்டாவது மூச்சு. தமயந்திக்கு நாக்கு நுனியில் அந்தப் பெயர் துடித்தது, விரலைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது மூச்சின் கடைசியில் உதடு விட்டது.

“பரஞ்சோதி” என்றான்.

இயந்திரம் சும்மா இருந்தது. அவன் எதிர்பார்த்த ‘ஆகட்டும்’ வரவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் பொண்ணு... துளிர்” என்றான். அப்போதும் அது சும்மா இருந்தது. “இது என் சம்சாரம்.” அந்தப் பெயருக்கு ரொம்பக் கஷ்டப்பட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “தமயந்தி.”

“ஆகட்டும்” என்றது இயந்திரம். தடுப்புக் கம்பம் மேலே போயிற்று.

கொஞ்ச தூரம் இறங்கியதும் ஒரு டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டினான். துளிர் குரங்கு பார்க்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். கீழே பள்ளத்தில் மஞ்சு கிடந்தது. எத்தனை மாசம் கழித்து அந்தக் குரல். தமயந்திக்குத் தன் காரியம் ஜெயித்துவிட்டதாகத்தான் இருந்தது. உலகத்தையே அவனுக்காக நிறுத்திவைத்திருக்கிறாள், சும்மாவா?

“யந்தி” என்றான். “அன்னிக்கு... அந்தப் படத்த மொதல்ல காட்டுனியே. அப்ப நான்...”

“அழகா இருக்குன்னு சொல்ல...”

அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பாதியில் நிறுத்தினாள். அவன் வாய் திறந்தபடி, அன்றைக்கு மடிக்கணினிக்கு முன்னால் இருந்த அதே மாதிரி இருந்தது. டீயில் ஆடை படிந்தது. ஒரு பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பி மறைந்தது.

“இல்ல” என்றான் கடைசியில். “நீ எனக்காக எழுதுன பாதி... அதுல காணோமேன்னு... கேக்க வந்தேன்.”

தமயந்தி டீயைச் சுவரில் வைத்தாள். உலகத்தில் ஒரே ஒரு ஆள் அந்த வரியைப் படித்திருக்கிறான். முதல் நாளே படித்திருக்கிறான்.

“ஏங்க, அப்பவே கேட்டிருக்கலாமே” என்றாள். அழுகை வந்துவிட்டது.

அவன் அவளை ரொம்பப் பிரியமாகப் பார்த்தான். கோபம் கொஞ்சம்கூட இல்லை.

“நீதான்... முடிச்சிட்டியே” என்றான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சமாதானம் சொல்ல வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள். அவன் மறுபடி எதையோ சொல்லத் தொடங்கி, முதல் எழுத்திலேயே நின்றிருந்தான். அது என்ன சொல்லாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் அதை ஊகிக்கவும் இல்லை.